பூச்சியநிலையும் குறிப்பேடும்: நெடுந்தூரச் சுடுதலில் அளவுகளைப் பதிந்துவைத்தல் பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞான வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பேரறிஞர்தம் நூல்களையே சான்றாகக் கொள்வர். கைவினைஞரும் படைஞரும் தம் சட்டைப்பையிற் கொண்டு திரிந்த குறிப்பேடுகள் அத்துணைக் கவனத்தைப் பெற்றில. நடைமுறையினின்று அறிவு எவ்வாறு தோன்றுகின்றது என்பதை அறிய விரும்பும் நமக்கு இக்குறிப்பேடுகள் பயனுடையன. தொலைகாட்டி பொருத்திய றைபிளைக் கொண்டு நெடுந்தூர இலக்கினைச் சுடுவோர் பேணும் ஏட்டினை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் அடிப்படையை விளக்குதல் தகும். குழலை விட்டு நீங்கிய கணத்திலிருந்தே சன்னம் புவியீர்ப்பினால் வீழத் தொடங்குகிறது. பார்வைக்கோடோ நேரானது. ஆகவே இவ்விரண்டும் குறித்ததொரு தூரத்தில் சந்திக்குமாறு தொலைகாட்டியின் குமிழ்களைத் திருகி அமைப்பர். அவ்வமைப்பே பூச்சியநிலை எனப்படும். தூரம் மாறின் அமைப்பும் மாறவேண்டும். இம்மாற்றம் ‘கலை’ என்னும் கோண அலகினால் அளக்கப்படும். ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கே கலை. 100 யார் தூரத்தில் அது ஏறத்தாழ 1 அங்குலத்தையும், 1000 யார் தூரத்தில் ஏறத்தாழ 10.5 அங்குலத்தையும் குறிக்கும். 100 யாரிற் பூச்சியமாக்கப்பட்ட 7.62 மில்லிமீற்றர் றைபிளொன்றுக்கு 1000 யாரில் ஏறத்தாழ 35 முதல் 40 கலை வரை உயர்த்தல் வேண்டப்படும்.

இவ்வளவைக் கணிதத்தாலேயே பெறலாகாதா எனும் வினா எழுவது இயல்பு. எறியத்தின் பாதை பரவளைவு என 1638இல் வெளிவந்த தமது நூலிற் கலிலியோ நிறுவினார். ஆயின் வளியின் தடை அம்முடிவினை நடைமுறையிற் பெரிதும் மாற்றிவிடுகின்றது என்பதை 1742இல் பென்ஜமின் ரொபின்ஸ் தமது ஊசற் பரிசோதனைகளாற் காட்டினார். எறியவியலின் இவ்வளர்ச்சி தூய சிந்தனையின் விளைவன்று. 1931இல் இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டிற் பொறிஸ் ஹெசன் வாசித்த கட்டுரை, நியூற்றனின் இயக்கவியலுக்கும் அக்காலப் போர், கப்பல், சுரங்கத் தொழில் ஆகியவற்றின் தேவைகளுக்குமிருந்த உறவினைச் சுட்டியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. 

சூத்திரம் பொதுமையைத் தருவது. சுடுபவர் கையிலிருப்பதோ தனித்ததொரு துப்பாக்கி. அச்சிட்ட அட்டவணை ஒரு சராசரிச் சன்னத்தையும் சராசரி வளிமண்டலத்தையும் கருதியே எழுதப்பட்டது. குளிர்ந்த காலையில் வளி செறிவுறும். வெடிமருந்தும் பெரும்பாலும் வேகங் குன்றும். சன்னம் தாழ்ந்து வீழும். ரவையின் தொகுதி மாறினும் வேறுபாடு தோன்றலாம். எனவே வெறுமனே “1000 யார், 38 கலை” என்றெழுதிய ஏடு அரைகுறை ஏடேயாகும். நாள், வெப்பநிலை, வளியமுக்கம், ரவைத் தொகுதி, காற்றின் திசையும் வேகமும் ஆகியன அவ்வெண்ணுடன் சேர்ந்து பதியப்படல் வேண்டும். காற்றுக்காகச் செய்த பக்கத் திருத்தத்தைக் காற்றில்லாப் பூச்சியநிலையுடன் கலவாது தனி நிரலில் எழுதுதலும் இன்றியமையாதது.

குமிழின் சுற்றெண்ணிக்கையும் அவ்வாறே. ஒரு சுற்றுக்கு 15 கலை நகரும் குமிழில் 8, 23, 38 ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். கோட்டினை மட்டும் குறித்து, சுற்றினைக் குறியாது விட்டவர் 1000 யாரில் ஏறத்தாழ 13 அடி பிழைப்பர். ஆதலாற் சுட்டு முடிந்ததும் குமிழை அடிப்படைப் பூச்சியநிலைக்கு மீட்டு, மீட்டமையையும் ஏட்டிற் பதிதல் தேர்ந்தோர் வழக்கம்.

ஏட்டின் ஆழ்ந்த பயன் வேறொன்று. ஒரு சன்னம் இடப்புறம் வீழ்ந்தமைக்குக் காற்றுக் காரணமாகலாம், விரல் காரணமாகலாம், தொலைகாட்டி நிலைபெயர்ந்தமையும் காரணமாகலாம். விசையை அழுத்திய கணத்திற் குறி எங்கு நின்றதென்பதை ஒரு புள்ளியாலும், சன்னம் பட்ட இடத்தை இன்னொரு புள்ளியாலும் சுடுபவர் குறித்துக்கொள்வர். இரண்டும் ஒன்றாயின் தவறு கையினது. பல நாள், பல்வேறு காற்றில், ஒரே திசையிலே வேறுபடின் தவறு அமைப்பினது. ஒரே வேட்டைக் கொண்டு பூச்சியநிலையை மாற்றுபவர் தற்செயலை நியதியெனக் கொள்பவராவார். தற்செயல்களின் திரளினூடே நியதியைக் காணும் இம்முறையே சமுதாய ஆய்விலும் நாம் வேண்டுவது.

இவ்வறிவு தனியொருவர் உடைமையுமன்று. பிரித்தானியாவின் தேசிய றைபிள் சங்கம் 1859இல், பிரெஞ்சுப் படையெடுப்புப் பற்றிய அச்சம் நிலவிய வேளையில், தொண்டர் படையினரின் சுடுதிறனை வளர்க்கும் நோக்குடன் தோன்றியது. விம்பிள்டனில் நடந்த அதன் போட்டிகள் 1890இல் பிஸ்லிக்கு மாறின. இன்று விளையாட்டாகத் தோன்றுவது படைத்தேவையிற் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அங்கு நெடுங்கால வழக்கின்படி, இலக்குகளின் கீழே பாதுகாப்புப் பள்ளத்தில் நிற்போர், ஒவ்வொரு வேட்டின் பின்னும் இலக்கினை இறக்கி, துளையில் அடையாளத் தட்டினைச் செருகி மீண்டும் உயர்த்துவர். ஏட்டிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் அவர்தம் உழைப்பினால் எழுதப்பட்டது. பரிசுப் பட்டியலிலோ அவ்வுழைப்புக்கு இடமில்லை.

இக்காலத்திற் கைக்கணினி நொடிப்பொழுதில் விடை தருகின்றது. ஆயினும் அதன் கணிப்பினை உண்மையான வேட்டுகளுடன் ஒப்பிட்டு, குழல்வாய் வேகத்தையும் தடைக்கெழுவையும் திருத்திய பின்னரே அதனை நம்புவர். ஏடு வழக்கிழக்கவில்லை, கணினியைச் சரிபார்க்கும் உரைகல்லாகியுள்ளது. எண் தான் பிறந்த நிலைமைகளிலிருந்து பிரிக்கப்படும்போது மந்திரமாகிவிடுகின்றது. அந்நிலைமைகளுடன் பதியப்படும்போதே அது அறிவாகின்றது.