அம்மாவின் கவலை வயிற்றுப் பிள்ளைக்குத் தெரியுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை ஏற்றம் ஆரம்பம். வளைந்து வளைந்து ஏறினால் கரியாலூர் வந்துவிடும். அங்கிருந்து உள்ளே தள்ளி எத்தனையோ சிற்றூர்கள். சிலவற்றுக்கு இன்னமும் சரியான பாதை கிடையாது.

அப்படி ஓர் ஊரில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் மிளகு பறிக்கக் கேரளா போயிருக்கிறான். மரவள்ளிக் கிழங்கு விற்ற பணம் கடனுக்கே சரியாகிவிட்டது. ராத்திரியில் வலி கண்டால் வண்டி கிடைக்குமா, துணைக்கு யார் வருவார்கள் என்று யோசித்து யோசித்தே அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. மாமியார் நல்லவள்தான். "கவலைப்படாதே கண்ணு, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்கிறாள். அதைக் கேட்டதும் புதிதாக இன்னொரு கவலை: "ஐயையோ, நான் கவலைப்பட்டே பிள்ளையைக் கெடுத்துடுவேனோ?"

மலையில் மட்டுமா? பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பெண்ணும் இதையேதான் கேட்கிறாள். பதிலைப் பார்ப்போம்.

கவலை எப்படி உள்ளே போகிறது?

மனம் பதறும்போது உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. இது விஷம் அல்ல. காலையில் நம்மைச் சுறுசுறுப்பாக எழுப்பிவிடுவதில் இதற்கும் பங்கு உண்டு. கருவின் நுரையீரல் முதிர்வதற்கும் இது தேவை. ஆனால் அளவுக்கு மீறிப் போய்விடக் கூடாதே! அதற்காக நஞ்சுக்கொடியில் இயற்கை ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது. அங்குள்ள ஒரு என்சைம், தாயிடமிருந்து வரும் கார்ட்டிசாலில் பெரும்பகுதியை வீரியம் இல்லாததாக மாற்றிவிடுகிறது. ஆகவே ஒரு நாள் சண்டைக்கும் ஒரு வேளை அழுகைக்கும் பயப்பட வேண்டாம்.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மனவேதனை நீடித்தால்தான் சிக்கல். அப்போது அந்தக் காவல் தளரக்கூடும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கருவில் வளரும் மூளையில் ஞாபகத்தையும் பயத்தையும் கவனிக்கும் பகுதிகள் கார்ட்டிசாலுக்குச் சட்டென்று இணங்குபவை. போதாததற்குத் தாய்க்குத் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. குறைமாதப் பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது.

பனிப்புயல் சொன்ன பாடம்

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பயங்கரப் பனிப்புயல் அடித்தது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போயிற்று. சில வீடுகளில் ஆறு வாரம் வரை விளக்கே எரியவில்லை. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் சூசன் கிங் என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தது. அதிகக் கஷ்டப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகள், ஐந்தரை வயதில் மொழித்திறன் சோதனையில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். தாய் மனசுக்குள் எவ்வளவு பதறினாள் என்பதைவிட, அவளுக்கு நேர்ந்த கஷ்டம் எவ்வளவு பெரியது என்பதே பிள்ளையின் திறமையோடு அதிகம் சம்பந்தப்பட்டிருந்தது. அப்படியானால் "நீ ஏன் மனசைப் போட்டு அலட்டிக்கிறே?" என்று அவளைக் கடிந்துகொள்வதில் என்ன நியாயம்? அவள் கஷ்டத்தை அல்லவா குறைக்க வேண்டும்?

தலையெழுத்து அல்ல!

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான தாய்மார்களிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் மிக அதிகமான மனக்கலக்கத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, நாலு வயதில் நடத்தைக் கோளாறுகளும் மனக்குழப்பங்களும் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. கேட்கவே பயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

2010-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு நல்ல செய்தி சொன்னார்கள். பனிக்குட நீரில் கார்ட்டிசால் கூடுதலாக இருந்த குழந்தைகளில் சிலர், ஒன்றரை வயதை நெருங்கும்போது அறிவு வளர்ச்சியில் சற்றுப் பின்தங்கினார்கள். ஆனால் தாயிடம் நம்பிக்கையோடு ஒட்டிக்கொண்ட பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு தெரியவே இல்லை! மடியும் தாலாட்டும் கொஞ்சலும் சும்மா இல்லை, பார்த்தீர்களா? கருவில் நேர்ந்ததைப் பிற்பாடு ஈடுகட்டுகிற சக்தி அவற்றுக்கு இருக்கிறது.

வீட்டார் செய்ய வேண்டியவை

• "கவலைப்படாதே" என்று வாயால் சொன்னால் போதாது. கவலைக்கு என்ன காரணம் என்று கேளுங்கள். பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, துணைக்கு யார் என்று ஏழாம் மாதமே முடிவு செய்து அவளிடமும் சொல்லிவிடுங்கள். வண்டி ஏற முடியாத ஊராக இருந்தால் சில நாள் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து தங்க வையுங்கள். அவசரத்துக்கு 108 இருக்கிறது.

• பணக் கவலைக்கு அரசு உதவி உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய். கர்ப்பம் தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

• வெளியூரில் இருக்கும் கணவர்மார்களே, தினமும் ஒரு போன் பேசுங்கள். வீட்டில் இருப்பவர்களே, குடித்துவிட்டு வந்து வம்பு செய்யாதீர்கள். அந்த அடி உங்கள் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் விழுகிறது.

• வளைகாப்பை ஆடம்பரமாகச் செய்ய வேண்டுமென்பதில்லை. நாலு பெண்கள் கூடிச் சிரித்துப் பேசினாலே அவளுக்குத் "தனியாக இல்லை" என்ற தெம்பு வரும்.

• இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுதுகொண்டே இருந்தால் அதை "மசக்கை" என்று தள்ளிவிடாதீர்கள். செவிலியரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். செத்துவிடலாமா என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், டாக்டரைக் கேட்காமல் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கர்ப்பிணிச் சகோதரியே, கவலை வந்ததற்காக நீ குற்றவாளி அல்ல. அதை மனசுக்குள்ளேயே பூட்டி வைக்காமல் யாரிடமாவது சொல்லிவிடு, அது போதும். மலைமேல் இருக்கும் அந்த மாமியாரும் இனி "கவலைப்படாதே கண்ணு" என்பதோடு நிறுத்தாமல், "ராத்திரி வலி எடுத்தா நான் கூட வர்றேன், வண்டிக்காரத் தம்பிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்" என்று சொல்லட்டும். அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்குவாள். அந்த நிம்மதியில் வயிற்றுப் பிள்ளைக்கும் பங்கு உண்டு!