வீட்டு விளக்குச் சுற்றில் எதிர்பாராத மின்னழுத்தம்

வீட்டு விளக்குச் சுற்றில் மின்சாரம் இருக்கக் கூடாத இடத்தில் மின்னழுத்தம் காணப்படுவதும், இருக்க வேண்டிய இடத்தில் 230 வோல்ட்டிலிருந்து அது மிகவும் விலகி நிற்பதும் எதிர்பாராத மின்னழுத்தம் எனப்படும். இவற்றுள் சில தீங்கற்றவை. சில உயிருக்கே ஆபத்தானவை. டெஸ்டர் மின்னழுத்தம் உண்டா என்று மட்டுமே காட்டும். எவ்வளவு என்று காட்டாது. எனவே காரணத்தை அறிய மல்டிமீட்டர் தேவை.

இயல்பு நிலை

மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து, மூன்று பேஸ் கம்பிகளிலும் ஒரு நியூட்ரல் கம்பியிலும் அனுப்புகிறது. இரு பேஸ்களுக்கிடையே சுமார் 400 வோல்ட்டும், ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டும் இருக்கும். நியூட்ரல் மின்மாற்றியிலேயே நிலத்துடன் இணைக்கப்படுவதால், அதற்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டே இருக்க வேண்டும்.

மாய மின்னழுத்தம்

ஒரே குழாயில் அருகருகே செல்லும் கம்பிகள் மின்தேக்கி போலச் செயல்படும். அதனால் சுவிட்சை அணைத்த பின்பும் மல்டிமீட்டர் சில பத்து வோல்ட்களைக் காட்டலாம், எல்.இ.டி. விளக்கு மங்கலாக ஒளிரலாம். குண்டு பல்பு ஒன்றை இணைத்தவுடன் இம்மின்னழுத்தம் மறைந்துவிடும்.

நியூட்ரலில் சுவிட்ச்

சுவிட்ச் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். தவறாக நியூட்ரலில் இருந்தால், விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். பல்பு மாற்றுபவருக்கு அதிர்ச்சி ஏற்படும். சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோல்டரின் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். 230 வோல்ட் காட்டினால் இதுவே பிழை.

நியூட்ரல் துண்டிப்பு

விளக்கு எரியாமல், டெஸ்டர் இரு துளைகளிலும் ஒளிர்ந்தால் வீட்டினுள் நியூட்ரல் அறுந்திருக்கக்கூடும். இணைப்பிலுள்ள சாதனத்தின் வழியாகப் பேஸ் மின்னழுத்தம் நியூட்ரல் கம்பிக்கும் வந்துவிடுவதே காரணம்.

கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் விளைவு பெரிது. வெவ்வேறு பேஸ்களில் உள்ள 100 வாட், 500 வாட் பளுக்கள் 400 வோல்ட்டில் தொடராக இணைந்ததாகக் கொள்வோம். சிறிய பளு சுமார் 333 வோல்ட்டும், பெரியது 67 வோல்ட்டும் பெறும். ஓர் அறையில் விளக்கு மங்க, மற்றோர் அறையில் பளிச்சிட்டால் உடனே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

தாழ் மின்னழுத்தம்

சேலம், நாமக்கல் சமவெளியில் விசைத்தறிகளும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களும் மிகுதி. இவை ஒரே நேரத்தில் இயங்கும்போது, மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள வீடுகளில் மின்னழுத்தம் குறையும். மெயின் போர்டிலேயே குறைந்திருந்தால் பிழை வெளியில் உள்ளது. அங்கே சரியாக இருந்து, ஓர் அறையில் மட்டும் பளு ஏற்றும்போது குறைந்தால், அங்கே தளர்ந்த இணைப்பு இருக்கலாம். அது சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

சோதிக்கும் வரிசை

1. மெயின் போர்டில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் ஆகிய மூன்றையும் அளத்தல்.
2. பளு இல்லாமலும், பளுவுடனும் அளந்து ஒப்பிடுதல்.
3. பிழையுள்ள விளக்கின் ஹோல்டரில் அளத்தல்.

மின்சாரம் பாயும் சுற்றில் செய்யும் இந்த அளவீடுகளைப் பயிற்சி பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். கம்பத்திலோ மீட்டருக்கு முன்போ பிழை இருந்தால், மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி அதிர்ச்சியிலிருந்து காக்கும். ஆனால் நியூட்ரல் அறுவதால் எழும் உயர் மின்னழுத்தத்தை அது தடுக்காது.