கையில் குறையா, மட்டையில் குறையா?

கோல்ஃப் பந்து கோணல் மாணலாகப் போனால் ஆடியவர் கையைத்தான் குறை சொல்வோம். சில நேரம் குற்றவாளி மட்டைதான். பந்தை அடிக்கும் கணத்தில் இரும்பு மட்டையின் அடிப்பாகம் தரைக்குச் சமமாகப் படிய வேண்டும். வலக்கை ஆட்டக்காரருக்கு மட்டையின் நுனி தூக்கிக்கொண்டால் பந்து இடப்பக்கம் இழுக்கும். நுனி தாழ்ந்தால் வலப்பக்கம்.

மட்டை சரியாகப் படிகிறதா என்று கண்டறிய எளிய வழி உண்டு. பந்தின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, அது மட்டையைப் பார்த்தபடி நெட்டுக்குத்தாக நிற்கும்படி வைத்து அடிப்பார்கள். மை மட்டையின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தடம் செங்குத்தாக இருந்தால் மட்டை தரையில் படியும் கோணம் சரி. சாய்ந்திருந்தால், மட்டையின் கழுத்தை ஓரிரு டிகிரி வளைத்துத் தருவார்கள். புது மட்டை வாங்குவதைவிட இது எவ்வளவோ மலிவு!

நார்வேயில் பிறந்த அமெரிக்கப் பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் தொடங்கிய பிங் நிறுவனம், 1972-லேயே ஆளுக்கேற்ற கோணத்தைத் தேர்ந்தெடுக்க வண்ணப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. ஆட்டக்காரரின் உயரத்தையும், மணிக்கட்டிலிருந்து தரைவரை உள்ள தூரத்தையும் அளந்து அவருக்கான நிறத்தைத் தேர்வார்கள். கறுப்புப் புள்ளி என்றால் வழக்கமான கோணம்.

இந்தக் கோணப் பிழை, முகம் அதிகம் சாயாத டிரைவர் மட்டையில் அவ்வளவாகத் தெரியாது. முகம் நன்கு சாய்ந்த வெட்ஜ் மட்டையில்தான் பளிச்சென்று தெரியும்.