மாத்தளைத் தோட்டங்களும் பல்கலைக்கழகத்தின் கடமையும்

1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றன. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இப்பின்னடைவை ஈடுசெய்யும் கடமை, 1952 முதல் பேராதனையில் இயங்கிவரும் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு என்பது எமது கருத்தாகும். மாத்தளை அதன் அயல் மாவட்டமன்றோ?

தமிழகத்திலே 1956 இல் தோன்றிய காந்திகிராமக் கிராமிய நிறுவனம் அயற்கிராமப் பணியைக் கல்வியின் ஒரு கூறாகவே கொண்டது. 1976 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது.

மாத்தளைக்குரிய கற்றற் கருவிகளை அம்மண்ணிலேயே தேடலாம். மூன்று கிலோ பச்சை மிளகு உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோவாகும். பின்னத்தையும் விகிதத்தையும் சிறுவருக்கு விளக்க இதுவே போதும். அதே மிளகையும் தராசையும் கொண்டு உலர்த்தல், ஈரப்பதன் காத்தல், தரம்பிரித்தல் ஆகியவற்றை இளைஞர் பயிலின் அது தொழிற்பயிற்சியுமாகும். தம் விளைபொருளின் தரத்தை அறிந்தவரே வணிகரிடம் நியாய விலை கேட்கவியலும்.

எனினும், தோட்டத்து ஆசிரியரும் தொழிலாளரும் திட்டத்தை வகுப்பதில் உடனமர்தல் வேண்டும். அவர்களை வெறும் தகவலாளராகக் கொள்ளின் ஆய்வேடுகள் பெருகுமேயன்றித் தோட்டத்துக் கல்வி வளராது.