சிக்னலில் கொதிக்கும் அம்பாசடர்: வீட்டிலேயே காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. ஆனாலும் தாத்தா ஓட்டிய வண்டியை விற்க மனசு வராமல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: “வண்டி நல்லா ஓடுது, ஆனா சீக்கிரம் சூடாயிடுது.”

இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. சூட்டோடு தொடர்ந்து ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளையும். அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். ஆனால், தொடக்கத்திலேயே பார்த்தால் காரணம் பல நேரம் ஒரு பெல்ட்டாகவோ மூடியாகவோதான் இருக்கும். பழைய 1,489 சிசி பெட்ரோல் அம்பாசடரை வைத்துப் பார்ப்போம். ஃபேன் பெல்ட்டில் ஓடும் மற்ற பழைய கார்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

எப்போது சூடாகிறது?

ஸ்பேனரை எடுக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுங்கள்.

* சிக்னலில் மட்டும் சூடானால் காற்று போதவில்லை. ஃபேன், பெல்ட், ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள்.
* ஹைவேயில் வேகமாகப் போகும்போது சூடானால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, அமுங்கிய ஹோஸ், பம்ப், இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.
* ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே சூடானால் தெர்மோஸ்டாட் அல்லது ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் வரவேண்டும்.

இன்னொன்று, டேஷ்போர்டு முள்ளே பொய் சொல்லலாம். ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் மூடி மேல் காட்டி, உண்மையான சூட்டை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் பாதுகாப்பு

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. விசில் அடங்காத குக்கரைத் திறப்பதற்குச் சமம் அது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். எஞ்சின் முழுதாக ஆறட்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் விடும் ஆபத்தும் உண்டு.

வரிசையாகப் பாருங்கள்

மூடி: தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும். 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடைத்து வைத்தால் சுமார் 111 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. உங்கள் வண்டிக்குரிய பிஎஸ்ஐ எண் உள்ள மூடியையே வாங்குங்கள். அதிக எண் உள்ளதைப் போட்டால் பழைய ரேடியேட்டர் ஒழுக ஆரம்பிக்கும்.

பெல்ட்: நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் அமுங்கினால் சரி. அதற்கு மேல் தளர்ந்திருந்தால் பம்பும் ஃபேனும் முழு வேகத்தில் சுற்றாது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேனை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பம்ப் பேரிங் தேய்ந்திருக்கிறது.

ஹோஸ்: கீழ் ஹோஸ் மெத்தென்று இருந்தால் எஞ்சின் வேகமெடுக்கும்போது உறிஞ்சப்பட்டு அமுங்கிவிடும். மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்: கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் கயிற்றில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். “அதைத் தூக்கிப் போட்டுடுங்க சார், வண்டி கூலா ஓடும்” என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். தேவையான சூட்டுக்கு வராத எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும். உண்மையான கோளாறும் அப்படியே மறைந்திருக்கும்.

ரேடியேட்டர்: வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில், வீட்டு ஹீட்டரில் படிவதுபோல உள்ளே உப்பு படிந்திருக்கும். மேல், கீழ் ஹோஸ்களைக் கழற்றி, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு, தெளிவாக வரும்வரை அலசுங்கள். வெளியே துடுப்புகளில் சிக்கிய பூச்சி, தூசியை எஞ்சின் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்து வெளியேற்றுங்கள். அப்படியும் அடைப்பு போகவில்லை என்றால் ரேடியேட்டர் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

டைமிங்: இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்பார்க் தாமதமாக வந்தால், எரிதலின் சூடு வேலையாக மாறாமல் எஞ்சினிலேயே தங்கும். எல்லாம் சரியாக இருந்தும் சூடானால், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளியையும் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடி நிரப்பும்போது

டிஸ்டில்ட் வாட்டரோடு, லேபிளில் சொன்ன அளவில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் சூட்டைக் கடத்தும், ஆனால் துருவைத் தடுக்காது. இருவேறு வகைக் கூலன்ட்களைக் கலக்காதீர்கள். நிரப்பியதும் மூடியில்லாமல் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று போனதும் மறுபடி மட்டம் பாருங்கள். கழித்த பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும். நாய், பூனை குடித்தால் உயிருக்கே ஆபத்து, தெருவில் ஊற்றாதீர்கள்.

வழியில் சூடேறினால்

ஏசி இருந்தால் நிறுத்துங்கள். சிக்னலில் நியூட்ரலில் போட்டு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள், ஃபேனும் பம்பும் வேகமாகச் சுற்றும். முள் இறங்கவில்லையா? ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

எப்போது மெக்கானிக்?

ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வந்தாலோ, எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை ‘பட்டறை வரைக்கும்தானே’ என்று ஓட்டிப் போகாதீர்கள். கட்டி இழுத்துப் போகும் செலவு, புது ஹெட் தேடி அலையும் செலவைவிடக் குறைவு.