அப்பாவின் சட்டையில் ஒரு போர்வை!

குட்டீஸ், உங்கள் வீட்டில் பழைய துணி என்ன ஆகிறது? சட்டை கிழிந்தால் முதலில் தரை துடைக்கப் போகும். அப்புறம் சைக்கிள் துடைக்க. பாட்டியின் பழைய நூல் புடவை என்றால் மட்டும் மரியாதை கொஞ்சம் கூடுதல். நாலாக மடித்து, ஓரம் தைத்து, பிறந்த குழந்தைக்கு விரிப்பாகப் போடுவார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி அல்லவா!

இதேபோலப் பழைய துணிகளைச் சேர்த்துத் தைத்த சில பெண்களின் போர்வைகள் இன்று அமெரிக்காவின் பெரிய பெரிய அருங்காட்சியகங்களில், ஓவியங்களுக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. 2006-ல் அந்த நாட்டுத் தபால்தலைகளிலும் அச்சாகிவிட்டன. ஒன்றல்ல, 10 தபால்தலைகள்! தைத்தவர்களோ பருத்திக் காட்டில் உழைத்த பெண்கள்.

அவர்களுடைய ஊருக்குப் போய் வருவோமா?

மூன்று பக்கமும் ஆறு

அமெரிக்காவின் தெற்கே அலபாமா என்று ஒரு மாநிலம். அங்கே ஓடும் ஆற்றுக்கும் அலபாமா என்றுதான் பெயர். அந்த ஆறு ஓர் இடத்தில் பாம்பு மாதிரி வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்குள் மாட்டிக்கொண்டது போல ஒரு சின்ன ஊர். பெயர் ஜீஸ் பெண்ட். ‘பெண்ட்’ என்றால் வளைவு. ‘ஜீ’ என்பது 1816-ல் இங்கே பருத்திப் பண்ணை அமைத்த வெள்ளைக்கார முதலாளியின் பெயர். மூன்று பக்கமும் ஆறு என்பதால் வெளியே போக ஒரே ஒரு சாலைதான்.

இந்த ஊர்க்காரர்களைப் பெயர் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இவர் பெட்வே, அவர் பெட்வே, எதிர் வீட்டுக்காரரும் பெட்வே! எல்லோரும் சொந்தக்காரர்களா? அதுதான் இல்லை. காரணம் தெரிந்தால் சிரிப்பு போய்விடும்.

ஜீ குடும்பத்துக்குப் பிறகு பண்ணை மார்க் பெட்வே என்பவர் கைக்கு வந்தது. அப்போது அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். வடக்கு கரோலினா மாநிலத்திலிருந்து சுமார் 100 அடிமைகளை அவர் இங்கே கொண்டுவந்தார். எப்படித் தெரியுமா? நடக்க வைத்து! நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்! அடிமைகளுக்கு முதலாளியின் குடும்பப் பெயர்தான். 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடிமைகளாக இருந்தவர்களின் பேரன் பேத்திகள் அதே நிலத்தில் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டார்கள்.

குத்தகை வாழ்க்கை சுலபமில்லை. விதைக்குக் கடன், உரத்துக்குக் கடன், சாப்பாட்டுக்கும் கடன். 1932-ல் அவர்களுக்குக் கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்துபோனார். அவர் குடும்பத்தார் கடனை உடனே கேட்டார்கள். கையில் காசு ஏது? ஆட்கள் வண்டிகளோடு வந்து மாடு, கோழி, மண்வெட்டி, சேர்த்து வைத்த சோளம் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஊரே பட்டினி. செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவால்தான் பலர் பிழைத்தார்கள்.

வீடுகளோ மரக்கட்டை வீடுகள். இடுக்கு வழியாகக் காற்று சில்லென்று நுழையும். அதை அடைக்கச் சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாள்களை ஒட்டி வைத்தார்கள். குளிரைத் தாங்கக் கம்பளி வாங்க முடியுமா? அதனால் பெண்கள் ஊசியைக் கையில் எடுத்தார்கள்.

கிழிந்ததும் வேண்டும், உதிர்ந்ததும் வேண்டும்

இந்தப் போர்வைக்கு ஆங்கிலத்தில் ‘குவில்ட்’ என்று பெயர். நாம் ஒட்டுப்போர்வை என்று வைத்துக்கொள்வோம். மூன்று அடுக்கு இருக்கும். மேலே, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த பாகம். நடுவில் பஞ்சு. அடியில் இன்னொரு துணி. மாவு மூட்டை, உர மூட்டையாக வந்த துணிப் பைகளைப் பிரித்துத் துவைத்து அடித்துணி ஆக்கிக்கொள்வார்கள். பஞ்சு மட்டும் விலைக்கா வாங்கினார்கள்? பருத்தி அரைக்கும் ஆலையின் தரையில் உதிர்ந்து கிடப்பதைக் கூட்டி எடுத்து வந்து, தூசி போகக் குச்சியால் அடிப்பார்கள். காலமெல்லாம் பருத்தி பறித்தவர்களுக்குக் கிடைத்தது உதிரிப் பஞ்சு!

மேல் பாகத்தைப் பெரும்பாலும் ஒருவரே தனியாக உட்கார்ந்து தைப்பார். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பது அவருடைய யோசனை. அதன்பின் மூன்று அடுக்கையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து சின்னச் சின்னத் தையலாக ஓட்டுவார்கள். பாட்டு உண்டு, பேச்சு உண்டு. சட்டத்துக்கு அடியில் குழந்தைகள் விளையாடுவார்கள்.

வடிவங்களுக்குப் பெயர்களும் உண்டு. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி நாலு பட்டை, அதைச் சுற்றி இன்னும் நாலு பட்டை என்று வளர்ந்துகொண்டே போனால் அது ‘வீட்டுக்கூரை’. நீளப் பட்டைகளை வரிசையாக வைத்துத் தைத்தால் அது ‘சோம்பேறிப் பெண்’. (தைக்க அதிக நேரம் ஆகாதாம், அதனால் இந்தக் கேலி!)

நம் ஊர்ப் புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் எல்லாம் குழம்பிவிடும். இங்கே நேர் எதிர். சிவப்புத் துணி பாதியில் தீர்ந்துவிட்டதா? கவலையே இல்லை, அங்கிருந்து நீலம். ஒரு பட்டை கோணலாக இருக்கிறதா? அடுத்த பட்டையையும் அதற்கு ஏற்றபடி கோணலாக்கிவிடலாம். அளவுகோல் வைத்து வரைந்தது போல இல்லாமல் கோடுகள் அசைகிற மாதிரி தெரிவது இதனால்தான். எனக்கு இந்தப் போர்வைகளில் மிகவும் பிடித்தது அந்தக் கோணல்தான்.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். உழைத்துத் தேய்ந்த கால்சட்டை வெயிலில் வெளுத்துப் போகும். ஆனால் பாக்கெட் தைத்திருந்த இடம் மட்டும் வெளுக்காது. பாக்கெட்டைப் பிரித்தால் அங்கே கருநீலத்தில் ஒரு சதுரம் தெரியும். முழங்கால் இருந்த இடமோ தேய்ந்து வெள்ளையாக இருக்கும். இந்தத் துணிகளைப் போர்வையாகத் தைத்தபோது அந்தத் தடங்களும் கூடவே வந்துவிட்டன. உற்றுப் பார்த்தால் அந்த மனிதர் எங்கே மண்டியிட்டு வேலை செய்தார் என்றுகூடச் சொல்லிவிடலாம்!

1942-ல் தைத்த போர்வை

மிசௌரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் பல மாதங்கள் நோயில் கிடந்து இறந்துபோனார். ஒரு புகைப்படம் பெரிதாக்கி மாட்டும் வசதியெல்லாம் அந்த வீட்டில் கிடையாது. மிசௌரி என்ன செய்தார்? கணவர் வேலைக்குப் போட்டுக்கொண்ட கால்சட்டைகளையும் சட்டைகளையும் எடுத்துக் கிழித்தார். மகள் அர்லோன்சியா கூடமாட உதவினார். அந்தத் துண்டுகளை வைத்து ஒரு போர்வை தைத்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தார் என்பதை அர்லோன்சியா பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அப்பாவின் நினைவு வேண்டும், அந்த அன்பைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாராம்.

சாம்பல், நீலம், பழுப்பு என்று வெளுத்துப்போன நிறங்கள். அங்கங்கே கொஞ்சம் சிவப்பு. அந்தப் போர்வை இப்போது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

படகை நிறுத்தினார்கள்!

1930-களின் கடைசியில் அரசாங்கம் அந்த நிலங்களை வாங்கி, வீடுகள் கட்டி, பிறகு ஊர் மக்களுக்கே தவணையில் விற்றது. நிலம் சொந்தமானதால் பலர் ஊரைவிட்டுப் போகவில்லை. அம்மா தைப்பதை மகள் பார்ப்பது, மகள் தைப்பதைப் பேத்தி பார்ப்பது என்று தையலும் அறுந்துபோகாமல் தொடர்ந்தது.

1960-களில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காகப் போராடினார்கள். ஜீஸ் பெண்ட் மக்கள் பெயர் பதிவு செய்ய வேண்டுமானால் அக்கரையில் உள்ள கேம்டன் நகரத்துக்குப் போக வேண்டும். ஆற்றைக் கடக்கப் படகு இருந்தது. 1962-ல் அந்தப் படகையே நிறுத்திவிட்டார்கள்! அப்புறம் சாலையில் சுற்றிக்கொண்டு சுமார் 65 கிலோமீட்டர் போக வேண்டியதாயிற்று. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கே வந்து பேசினார். ஊர் மக்கள் துணிந்து பதிவு செய்யக் கிளம்பினார்கள். அந்த வட்டாரத்தில் அப்படிப் போன பலர் வேலையை இழந்தார்கள். குடியிருந்த வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களும் உண்டு.

1966-ல் சுற்றுவட்டாரப் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பெயர், ‘சுதந்திரத் தையல் கூட்டம்’. போர்வைகளை நகரங்களில் விற்றுக் கொஞ்சம் சொந்தக் காசு பார்த்தார்கள். 1972-ல் சியர்ஸ் என்ற பெரிய கடை, கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துத் தரச் சொன்னது. கார்டுராய் என்பது வரிவரியாக மேடு பள்ளம் உள்ள தடித்த துணி. கடைக்காரர்களுக்கு எல்லா உறையும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். நூல் பிசகக் கூடாது! ஆனால் மிச்சம் விழுந்த பச்சை, சிவப்பு, தங்க மஞ்சள் துண்டுகள் ஜீஸ் பெண்ட் வீடுகளுக்கு வந்தன. அவற்றை அந்தப் பெண்கள் தங்கள் இஷ்டப்படி தைத்தார்கள். இன்று எல்லோரும் வியந்து பார்ப்பது எதை? அந்த மிச்சத் துண்டுப் போர்வைகளைத்தான்!

கொசு விரட்டப் போன கலை

1990-களின் கடைசியில் வில்லியம் ஆர்னெட் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளர் ஒரு புத்தகத்தில் ஒரு புகைப்படம் பார்த்தார். விறகுக் குவியலின்மேல் ஒரு போர்வை. அந்த நிறங்கள் அவரை விடவில்லை. தேடிக்கொண்டு கிளம்பி, தைத்த ஆனி மே யங் வீட்டுக்கே வந்துவிட்டார்.

போன வாரம்தான் சில பழைய போர்வைகளைக் கொளுத்தினேனே, அதுவும் அதில் போயிருக்குமோ என்றார் ஆனி மே! எதற்குக் கொளுத்தினார்? கொசு விரட்ட! நாம் வேப்பிலைப் புகை போடுவது போல, அங்கே பருத்தித் துணிப் புகை. நல்லவேளை, மறுநாள் அலமாரி, கட்டிலடி எல்லாம் துழாவியதில் அது கிடைத்துவிட்டது. சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். ஆர்னெட் அதற்கும் வேறு சில போர்வைகளுக்குமாகச் சில ஆயிரம் டாலர் கொடுத்தார்.

2002-ல் ஹூஸ்டன் நகரிலும், பிறகு நியூயார்க்கிலும் கண்காட்சி நடந்தது. நாட்டின் நவீன ஓவியர்களுக்குச் சமமாக வைத்து விமர்சகர்கள் எழுதினார்கள். ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் போய்த் தங்கள் போர்வைகளைச் சுவரில் பார்த்தார்கள். காலை நீட்டிப் போர்த்திக்கொண்ட போர்வைக்கு எதிரே ‘தொடாதீர்கள்’ என்றால் எப்படி இருந்திருக்கும்!

அருங்காட்சியகம் சொன்ன பிறகுதான் அது கலை ஆயிற்று என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று விளக்கு வெளிச்சத்தில் யோசித்தபோதே அது கலைதான். பார்க்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக எல்லோரும் ஆசை ஆசையாகத் தைத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். லொரெட்டா பெட்வே என்பவர் தனக்குத் தையலே பிடிக்காது என்று சொன்னவர். வயல் வேலை, பன்றிக்குத் தீனி, வீட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு, பிள்ளைகள் குளிரக் கூடாதே என்று தைத்தார். அவருக்கும், மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ ஆகியோருக்கும் 2015-ல் நாட்டுப்புறக் கலைக்கான அமெரிக்காவின் உயர்ந்த தேசிய விருது கிடைத்தது.

புகழ் வந்ததும் பணப் பேச்சும் வந்தது. போர்வை வடிவங்களை வைத்துக் கம்பளம், கோப்பை என்று பொருள்கள் விற்பனைக்கு வந்தன. எங்களுக்குச் சேர வேண்டிய பங்கு எங்கே என்று 2007-ல் மூன்று பெண்கள் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு சமரசம் ஆனது. கேட்டது நியாயம்தானே? 2021 முதல் ஊர்ப் பெண்கள் பலர் தங்கள் போர்வைகளைத் தாங்களே இணையத்தில் விற்கத் தொடங்கினார்கள்.

சரி, அந்தப் படகு? 2006-ல் திரும்ப ஓடத் தொடங்கியது. 44 ஆண்டுகள் கழித்து! 2019-ல் அதை மின்சாரப் படகாக மாற்றிவிட்டார்கள்.

நீங்களும் ஒன்று தைத்துப் பார்க்கிறீர்களா? முழுப் போர்வை வேண்டாம், ஒரு கால்மிதி போதும். பழைய சட்டை, சுடிதார் என்று நாலைந்து நிறம் எடுங்கள். நடுவில் உள்ளங்கை அளவு சதுரம் ஒன்று. சுற்றிலும் பட்டை பட்டையாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். துணி தீர்ந்தால் நிறத்தை மாற்றுங்கள். கோணல் வந்தால் பிரிக்காதீர்கள். பாக்கெட் தடம் உள்ள துண்டு கிடைத்தால் அதை நடுவில் வையுங்கள்.

ஒன்றே ஒன்று. கத்திரி வைப்பதற்கு முன்னால் அது பழைய சட்டைதானா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்!