ஒரே பண்பாடு என்றால் ஒரே நீதியா? ஹாட்டி வழக்கும் இனவரைவியல் ஆய்வும்

திருவெறும்பூரை அடுத்துள்ள தேவராயநேரியில் நரிக்குறவர் மக்களின் குடியிருப்பு ஒன்று உள்ளது. அவர்களுடைய தாய்மொழியான வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. அம்மொழியைப் பற்றிய ஆய்வு நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-இலேயே வெளியிட்டது. அதற்கும் முன்பே, 1965-இல், லோகூர் குழு இம்மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்திருந்தது. ஆயினும் அதற்கான மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான்.

அதே டிசம்பரில் மக்களவை மற்றொரு மசோதாவையும் நிறைவேற்றியது. இமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் கிரி ஆற்றுக்கு அப்பால் வாழும் ஹாட்டி சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா அது. முதல் மசோதாவை வரவேற்ற நாம், இரண்டாவதை அங்குள்ள தலித் அமைப்புகள் ஏன் எதிர்த்தன என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் 342-ஆம் பிரிவின்படி, பழங்குடியினர் பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. நடைமுறையில் முதல் அடியை மாநில அரசு எடுத்து வைக்கிறது. அது இனவரைவியல் ஆய்வு ஒன்றை இணைத்துப் பரிந்துரை அனுப்ப, இந்தியத் தலைமைப் பதிவாளரும் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் அதை ஆராய்கின்றனர். தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, வெளியாருடன் பழகுவதில் கூச்சம், பின்தங்கிய நிலை என்னும் லோகூர் குழுவின் ஐந்து அளவுகோல்களே இன்றும் பின்பற்றப்படுகின்றன. ஆகவே, பல்கலைக்கழக ஆய்வாளர் எழுதும் அறிக்கை நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை; அது சட்டத்தின் அடித்தளமாகிறது.

ஹாட்டி கோரிக்கைக்கு இமாச்சலப் பிரதேசப் பல்கலைக்கழகத்தின் பழங்குடி ஆய்வு நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு துணையாக அமைந்தது. டோன்ஸ் ஆற்றின் மறுகரையில், இன்றைய உத்தராகண்டில் உள்ள ஜௌன்சார்-பாவர் மக்கள் 1967-இலேயே பழங்குடியினராக அறிவிக்கப்பட்டனர். அவர்களுடைய மரபும் நம்முடைய மரபும் ஒன்றே என்பது ஹாட்டி தரப்பின் நீண்டகால வாதம். மலைப்பகுதியின் பின்தங்கிய நிலையும் உண்மையே.

ஆனால் ஹாட்டி என்பது ஒரு சாதியின் பெயரன்று. கஷ் ராஜபுத்திரர், பாட் பிராமணர் ஆகிய ஆதிக்கச் சாதியினரும், கோலி முதலிய பட்டியல் சாதியினரும் அப்பகுதியில் சேர்ந்து வாழ்கின்றனர். பட்டியல் சாதியினர் பட்டியல் சாதியினராகவே தொடர்வர் என்றது ஒன்றிய அரசு. அப்படியானால் புதிதாகப் பழங்குடியினர் ஆகிறவர்கள் முதன்மையாக மற்றச் சாதியினரே.

இதன் சட்ட விளைவு கடுமையானது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராத ஒருவர் இழைக்கும் குற்றத்தையே தண்டிக்கிறது. தீண்டாமையைத் திணித்தவர் நேற்றுவரை அச்சட்டத்தின் கீழ்க் குற்றவாளி. அவரே பழங்குடியினர் சான்றிதழ் பெற்றுவிட்டால், அதே செயலுக்காக அவர்மீது அச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய இயலாது. பாதிக்கப்பட்டவரின் நிலை சிறிதும் மாறாதிருக்க, அவருடைய பாதுகாப்பு மட்டும் பறிபோகிறது. உள்ளாட்சி இடங்களில் தமக்குரிய பங்கும் சுருங்கும் என்று அங்குள்ள தலித் மக்கள் அஞ்சினர். 2023-இல் மசோதா சட்டமாயிற்று, வழக்குகள் தொடரப்பட்டன, 2024 ஜனவரியில் இமாச்சல உயர் நீதிமன்றம் அதன் செயலாக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

மலைமக்களைப் பற்றிய ஆய்வுகள் வேண்டாம் என்பது நம் வாதமன்று. தேவராயநேரி மக்களின் மொழியும் வாழ்வும் பதிவாகாதிருந்தால் அவர்களுடைய உரிமைக் குரல் மேலும் வலுவிழந்திருக்கும். ஆனால் பொது மொழி, பொதுத் திருவிழா, பொதுத் தெய்வம் என்று பட்டியலிடும் ஆய்வு, அந்தத் தெய்வத்தின் கோயிலுக்குள் யார் நுழையலாம் என்பதையும் எழுத வேண்டும். ஊர்ச்சபையைப் பற்றி எழுதினால், அதில் யாருக்கு அமர இடமில்லை என்பதையும் எழுத வேண்டும்.

திருச்சிக் கல்லூரிகளில் சமூகவியலும் மொழியியலும் பயிலும் மாணவர்கள் நாளை இத்தகைய களப்பணிக்குச் செல்லக்கூடும். ஊர்த் தலைவர் வீட்டுத் திண்ணையில் தொடங்கும் நேர்காணல் சேரியிலும் தொடர வேண்டும். சேரிக்குச் செல்லாத ஆய்வை ஒரு சமூகம் முழுவதன் சான்றாக நாம் ஏற்கலாகாது.